வளரும் எலும்பில் வரும் புற்று

புற்றுநோய் முதியோர்க்கே உரியது என்பது பலரின் எண்ணம். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கும் நோய் ஒன்று உண்டு. பத்து வயதிற்கும் இருபது வயதிற்கும் இடையே, கைகால்கள் விரைந்து நீளும் பருவத்தில், வளர்ச்சி மிகுந்த எலும்பு முனைகளில் அது தோன்றுகிறது. முழங்காலை ஒட்டிய எலும்புகளும் தோளை ஒட்டிய கையெலும்பும் அது பெரிதும் நாடும் இடங்கள். மருத்துவர் அதனை ஆஸ்டியோசார்க்கோமா என்பர். இளையோரின் எலும்பைத் தாக்கும் இத்தகைய புற்றுகளோடு மருத்துவ உலகம் நடத்திய போராட்டம் நெடியது. தோல்விகள் பல கண்டது. எனினும் அறிந்துகொள்ளத் தக்கது.

1890ஆம் ஆண்டில், அடிபட்ட கை ஆறாமல் வீங்கி வலிப்பதாக எலிசபெத் டாஷியல் என்னும் பதினேழு வயதுப் பெண், நியூயார்க் நகரில் வில்லியம் கோலி என்னும் இளம் அறுவை மருத்துவரை நாடி வந்தாள். திசுவை ஆராய்ந்தபோது அது புற்று எனத் தெரிந்தது. கோலி முழங்கைக்குக் கீழே அவளது கையைத் துண்டித்தார். ஆயினும் நோய் உடலெங்கும் பரவியது; 1891 ஜனவரியில் அவள் உயிர் நீத்தாள். அத்தோல்வி கோலியை வாட்டியது. பழைய மருத்துவமனை ஏடுகளைத் துருவிய அவர், கடுந்தொற்றுக் காய்ச்சலுக்குப் பின் கட்டி மறைந்த ஒருவரின் குறிப்பைக் கண்டார். கிருமிகளைச் செலுத்தி உடலின் எதிர்ப்பாற்றலை எழுப்ப முயன்றார். அம்முறை நிலைபெறவில்லை. எனினும் இன்றைய நோயெதிர்ப்பு மருத்துவத்திற்கு அது முன்னோடி என மதிக்கப்படுகிறது.

1895இல் ராண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டறிந்த பின்னர், எலும்பினுள் நிகழ்வதைக் கண்ணால் காண முடிந்தது. கட்டி எலும்பின் மேலுறையை உயர்த்துவதால் படத்தில் தோன்றும் முக்கோண நிழல், பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் காட்மனின் பெயரால் இன்றும் வழங்குகிறது. அரிதான நோயாதலின் ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் காணும் நோயாளிகள் மிகச் சிலரே என்பதை உணர்ந்த காட்மன், பல மருத்துவமனைகளின் குறிப்புகளை ஒரே பதிவேட்டில் திரட்ட வழிசெய்தார். 1921இல் ஜேம்ஸ் யூயிங், இளையோரின் எலும்பில் தோன்றும் வேறொரு புற்றைப் பிரித்துக் காட்டினார். அது கதிர்வீச்சுக்கு இணங்கிற்று. ஆஸ்டியோசார்க்கோமாவோ எளிதில் இணங்கவில்லை. ஆதலின், படத்தோடு நில்லாது திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே நோயைத் துணிய வேண்டும் என்பது தெளிவாயிற்று.

ஆனால் நோயை அறிவது வேறு. அதனை வெல்வது வேறு. 1970ஆம் ஆண்டு வரை, காலைத் துண்டித்த பின்னரும் ஐவருள் நால்வர் மாண்டனர். காரணம் யாது? கட்டி கண்ணுக்குப் புலப்படும்போதே அதன் நுண்ணிய அணுக்கள் குருதி வழியே நுரையீரலை அடைந்திருந்தன. காலில் தோன்றிய நோய், காலோடு நிற்கவில்லை. உடல் முழுவதும் செல்லும் மருந்து வேண்டியிருந்தது.

அம்மருந்துகளுள் ஒன்றின் வரலாறு சென்னையைத் தொட்டுச் செல்கிறது. ஆந்திரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் வழிநடத்திய ஆய்வுகளின் பயனாக மெத்தோட்ரெக்சேட் உருவாயிற்று. அவர் 1948இல் மறைந்தார். 1974இல் பாஸ்டன் மருத்துவர் நார்மன் ஜாஃபியும் அவர்தம் குழுவினரும், அம்மருந்தைப் பேரளவில் கொடுத்து, உடனே மாற்று மருந்தால் உடலைக் காக்கும் முறையின் நற்பயனை வெளியிட்டனர். அதே ஆண்டில் அட்ரியாமைசின் என்னும் மருந்தின் பயனும் அறிவிக்கப்பட்டது.

அப்புதிய மருந்துகளின் காலத்தில் நோயுற்றவரே கனடா நாட்டு டெரி ஃபாக்ஸ். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாது, கூடைப்பந்துப் பருவம் முடியட்டும் எனப் பொறுத்திருந்த அம்மாணவருக்கு, 1977 மார்ச்சில் நோய் உறுதியாயிற்று. வலக்கால் துண்டிக்கப்பட்டபோது அவருக்கு வயது பதினெட்டு. மருத்துவமனையில் உடன் துன்புற்ற சிறுவர்களை மறவாத அவர், புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரல் 12இல் செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் 1இல் நோய் நுரையீரலில் மீண்டும் தோன்றியது தெரிந்தது. 1981 ஜூன் 28இல் மறைந்தார். அவர் நினைவாக நடைபெறும் ஓட்டம் உலக நாடுகள் பலவற்றிலும் பரவியது.

எனினும், புதிய மருந்துகள் உண்மையிலேயே உயிர் காக்கின்றனவா என ஐயுற்ற மருத்துவர்களும் இருந்தனர். 1986இல் வெளியான ஒப்பீட்டாய்வு அவ்வையத்தைத் தீர்த்தது. அறுவை மட்டும் பெற்றவர்களுள் ஈராண்டு வரை நோய் திரும்பாதிருந்தோர் நூற்றுக்கு 17 பேர். மருந்தும் பெற்றவர்களுள் 66 பேர். மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. நோயுற்ற எலும்புப் பகுதியை மட்டும் நீக்கி உலோக எலும்பு பொருத்த மருத்துவர் முனைந்தனர். அவ்வெலும்பு உருவாகும் வரை காத்திருந்த காலத்தில், நியூயார்க்கில் ஜெரால்டு ரோசன் முதலியோர் மருந்தைக் கொடுத்தனர். அறுவைக்கு முன்னரே மருந்து தரும் இன்றைய முறை இவ்வாறே வேரூன்றிற்று. இன்று பலர் காலை இழப்பதில்லை. நோய் பரவுமுன் கண்டறியப்பட்டோருள் பத்தில் அறுவர் அல்லது எழுவர் பிழைக்கின்றனர். பரவிய பின் வருவோர்க்கு அந்நம்பிக்கை இன்னும் குறைவே.

ஆகவே காலம் அருமையானது. திடலில் விழுந்த மாணவனின் வலி பெரும்பாலும் சில நாள்களில் ஆறிவிடும், அஞ்ச வேண்டுவதில்லை. அடிபடுவதால் இப்புற்று உண்டாவதும் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் நீங்காத வலியும், உறக்கத்தைக் கெடுக்கும் நோவும், நாளும் பெருகும் வீக்கமும் ஊடுகதிர்ப் படத்திற்கு உரியவை. நொண்டி நடக்கும் மாணவனை முதலில் காண்பவர் பல வேளைகளில் ஆசிரியரே. அவன் பெற்றோரிடம் அவர் சொல்லும் ஒரு சொல், ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.