முடிக்குப் பாடஞ் சொன்னோர்

எழுதப்பட்ட யாப்பினையுடைய நாடொன்றில் ஆட்சியாளர் தமது அதிகாரத்தின் எல்லையை அறிய விரும்பின் நூலை விரித்து உரிய பிரிவினைப் படித்துக்கொள்ளலாம். பிரித்தானியாவில் அத்தகைய தனிநூல் ஒன்றில்லை. 1689 ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம், 1701 ஆம் ஆண்டின் முடியுரிமைச் சட்டம், 1911 ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டம் முதலிய சட்டங்களும், நீதிமன்றத் தீர்ப்புக்களும், இவை யாவற்றையும் இயங்கச் செய்யும் எழுதா வழக்காறுகளுமே அந்நாட்டின் யாப்பாகும். பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமூலத்துக்குச் சம்மதம் மறுக்கும் அதிகாரம் சட்டப்படி முடிக்கு உண்டு. ஆயின் 1708 இல் ஆன் அரசி மறுத்ததன் பின்னர் அதனை எவரும் மறுத்ததில்லை. சட்டம் இடமளிப்பதை வழக்காறு தடுத்து நிற்கின்றது.

ஏட்டிலேறாத இவ்யாப்பு எங்கே வாழ்கின்றது? பதவி வகிப்போரின் நினைவிலும் பழக்கத்திலுமே அது வாழ்கின்றது. எனவே தலைமுறைதோறும் ஒருவர் சொல்லிக்கொடுக்க மற்றொருவர் கற்றுக்கொண்டாலன்றி அது நிலைக்காது. அரசவாரிசுக்கு யாப்புச் சட்டம் புகட்டும் ஆசிரியனின் பணி வெறும் கல்விப் பணியன்று. அதுவே யாப்பின் ஒரு பகுதியாகின்றது. இவ்வுண்மையை விளக்கும் சில நிகழ்ச்சிகளையும், இதே பாடம் இலங்கைக்கு வந்து சேர்ந்தவிடத்து நேர்ந்ததையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அரசுரிமைக்கென வளர்க்கப்பட்டவரல்லர். இரண்டாம் மைந்தராகப் பிறந்து கடற்படையிற் பயின்ற அவர், 1892 ஜனவரியில் தமையனார் மறைந்தமையால் வாரிசு வரிசையில் முன்னுக்கு வந்தார். அவருக்கு யாப்பினைக் கற்பிக்கும் பொறுப்பு 1894 இல் கேம்பிரிட்ச் சென். ஜோன்ஸ் கல்லூரியைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ஜே. ஆர். ரானரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாடநூலாக அமைந்தது வோல்ரர் பஜொற் 1867 இல் நூலாக வெளியிட்ட 'ஆங்கில யாப்பு'. பஜொற் வழக்கறிஞர் தொழிலுக்குத் தகுதிபெற்றவராயினும் பத்திரிகையாசிரியராகவே வாழ்ந்தவர். யாப்பினை மாண்புடைய பகுதி, செயற்றிறனுடைய பகுதி என இரண்டாக வகுத்த அவர், முடியை முன்னையதன் தலையாகக் கொண்டார். அமைச்சரவையிடம் அதிகாரம் இருக்க, முடிக்கு எஞ்சியவை மூன்று உரிமைகளே என்பது அவர் முடிவு: கலந்தாலோசிக்கப்படும் உரிமை, ஊக்குவிக்கும் உரிமை, எச்சரிக்கும் உரிமை. இவற்றுக்கு மேலாக எதனையும் விவேகமுள்ள மன்னன் வேண்டான் என்றும் அவர் கருதினார்.

பஜொற்றுக்கு அரசபதவி எதுவும் இருந்ததில்லை. அவருடைய கூற்றுக்குச் சட்டவலுவும் இல்லை. எனினும் ஓர் ஆசிரியர் அதனைப் பாடமாக்க, ஒரு மாணவர் அதனைக் குறிப்பேட்டிற் சுருக்கி எழுதிக்கொண்டார். அம்மாணவர் 1910 இல் மன்னரானபோது தனிமனிதரொருவரின் நூற்கருத்து அரசநடைமுறையின் அளவுகோலாயிற்று. 1914 ஜூலையில் அயர்லாந்துச் சுயாட்சிப் பிரச்சினை உள்நாட்டுப் போராக வெடிக்கும் அபாயந் தோன்றியவேளை, மன்னர் கட்சித் தலைவர்களைப் பக்கிங்ஹாம் மாளிகைக்கு அழைத்துப் பேசச் செய்தார். பேச்சு தோல்வியுற்றது. ஆயினும் அவர் சம்மதத்தை மறுக்கவில்லை.

இரண்டாம் எலிசபெத்தின் கதையும் எதிர்பாரா வாரிசுரிமையின் கதையே. 1936 டிசம்பரில் எட்டாம் எட்வேட் முடிதுறந்தார். அவர்தம் தம்பி ஆறாம் ஜோர்ஜ் அரியணை ஏற, பத்து வயதுச் சிறுமியாகிய எலிசபெத் அடுத்த வாரிசானார். பாடசாலைக்கு அனுப்பப்படாது செவிலியாசிரியையாகிய மரியன் குரோவ்போட்டிடம் பயின்ற அவருக்கு, யாப்பு வரலாற்றைக் கற்பிக்க ஈற்றன் கல்லூரியின் பிரதித் தலைவரான ஹென்றி மார்ட்டன் தெரிவுசெய்யப்பட்டார். பாடங்கள் 1930 களின் இறுதியில் ஆரம்பமாகிப் போர்க்காலத்திலும் தொடர்ந்தன.

1872 இற் பிறந்த மார்ட்டன் வாழ்நாள் முழுவதும் பாடசாலை ஆசிரியராகவே விளங்கியவர். ரவுன்சென்ட் வோணருடன் இணைந்து அவர் எழுதிய பிரித்தானிய வரலாற்றுப் பாடநூல் 1912 இல் வெளிவந்து நெடுங்காலம் பாடசாலைகளிற் பயன்பட்டது. புத்தகக் குவியல்கள் நிலத்தை மறைத்துக் கிடந்த அவரது அறையிலே இளவரசி பாடங் கேட்டார். ஆண்பிள்ளைகளுக்கே பாடஞ் சொல்லிப் பழகிய மார்ட்டன், முன்னால் ஒரே மாணவி இருந்தபோதும் 'கனவான்களே' என விளித்துவிடுவதுண்டு எனக் கூறப்படுகின்றது. இது நகைப்புக்குரியதாயினும், இளவரசிக்கெனத் தனிப்பாடம் எதனையும் அவர் புனையவில்லை என்பதற்கு நல்ல சான்று.

அவர் முதன்மையாகக் கொண்ட நூல் சேர் வில்லியம் அன்சன் எழுதிய 'யாப்பின் சட்டமும் வழக்காறும்' என்பதாகும். சட்டமாணவருக்கே கடினமான நூல் அது. அதன் தலைப்பே பாடத்தின் சாரமாகும். சட்டம் தெரிந்து வழக்காறு தெரியாதவன் யாப்பில் அரைவாசியையே அறிந்தவனாவான். பழைய நூலோடு மாத்திரம் மார்ட்டன் நின்றுவிடவில்லை. அண்மைக்கால முடியாட்சியை மாற்றியமைத்தவையாக அவர் இரண்டினை எடுத்துக் காட்டினார் என வாழ்க்கை வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். ஒன்று, குடியேற்ற நாடுகளின் சட்டமியற்றும் சுதந்திரத்தை ஏற்ற 1931 ஆம் ஆண்டின் வெஸ்ட்மினிஸ்ரர் சட்டம்; மற்றொன்று, ஒலிபரப்பு. முன்னையது முடியைப் பல அரசுகளுக்குப் பொதுவாக்கியது. பின்னையது மன்னரின் குரலை வீட்டுக்குள் கொணர்ந்தது. 1945 இல் மன்னர் மார்ட்டனுக்கு ஈற்றன் ஆலயப் படிகளில், மாணவர் முன்னிலையில், 'சேர்' பட்டம் வழங்கினார். 1948 இல் அவர் காலமானார். தம் மாணவி அரியணை ஏறியதைக் காண அவர் இருக்கவில்லை.

கற்ற பாடம் 1952 முதல் 2022 வரை எழுபதாண்டுகள் சோதிக்கப்பட்டது. 1957 இல் ஈடன் பதவி விலகியபோதும் 1963 இல் மக்மிலன் நோயுற்று விலகியபோதும், ஆளுங்கட்சிக்குத் தலைவரைத் தெரிவதற்கான தேர்தல் முறை இருக்கவில்லை. அரசி மூத்தோரின் ஆலோசனைப்படியே பிரதமரை நியமித்தார். 1963 ஆம் ஆண்டு நியமனம் பெருங் கண்டனத்துக்குள்ளாக, 1965 இல் அக்கட்சி தலைவரைத் தேர்தல் மூலம் தெரியத் தொடங்கியது. வழக்காறு தெளிவற்றிருந்தவிடத்து அரசியல்வாதிகளின் பழி முடியின்மீது விழுந்தது என்பதே இதனாற் பெறப்படும்.

1975 நவம்பர் 11 ஆம் திகதி அவுஸ்திரேலிய மகாதேசாதிபதி சேர் ஜோன் கேர், பிரதமர் விற்லமைப் பதவிநீக்கினார். அரசி தலையிட வேண்டுமெனப் பிரதிநிதிகள் சபைச் சபாநாயகர் எழுதியபோது, அவ்வதிகாரம் யாப்பினால் மகாதேசாதிபதிக்கே உரியதென்றும் அரசி தலையிடுவது முறையன்றென்றும் பதில் வந்தது. 2019 இல் பிரதமர் ஜோன்சனின் ஆலோசனைப்படி பாராளுமன்றம் ஐந்து வாரங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது. செப்டெம்பர் 24 ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதியரசர்களும் அவ்வாலோசனை சட்டவிரோதமானதென ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். அரசி பாடத்தில் தவறவில்லை. ஆலோசனை கூறியவரே தவறினார். மாணவி கற்றிருந்தால் மட்டும் போதாது, அவருக்கு ஆலோசனை கூறுவோரும் அதே பாடத்தைக் கற்றிருக்கவேண்டும் என்பதை இது புலப்படுத்துகின்றது.

இப்பாடம் இலங்கைக்கு வந்த வழி தனித்துவமானது. பிரித்தானியாவில் எழுதாது விடப்பட்ட வழக்காறு இங்கே எழுத்திலேறியது. முடிக்கும் மகாதேசாதிபதிக்கும் உரிய அதிகாரங்கள், ஐக்கிய இராச்சியத்தில் அத்தகைய அதிகாரங்களுக்குரிய வழக்காறுகளுக்கு இயன்றவரை அமையப் பிரயோகிக்கப்படவேண்டுமெனச் சோல்பரி யாப்பின் 4 (2) ஆம் பிரிவு விதித்தது. ஒரு நாட்டின் பழக்கத்தை மற்றொரு நாட்டின் சட்டம் மேற்கோளாகக் கொண்டமை யாப்பு வரலாற்றிற் சிந்தனைக்குரியது.

இங்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். 'சட்டமும் யாப்பும்' (1933), 'அமைச்சரவை ஆட்சி' (1936) ஆகிய நூல்களாற் புகழ்பெற்ற ஐவர் ஜெனிங்ஸ் 1941 இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக வந்து, 1942 இல் பல்கலைக்கழகத்தின் முதற் துணைவேந்தரானார். சட்டம் பயிலாத டி. எஸ். சேனநாயக்காவுக்கு யாப்பு விடயங்களில் ஆலோசகராக விளங்கியவரும், 1944 ஆம் ஆண்டின் அமைச்சர்கள் வரைவுக்கு உதவியவரும் அவரே. 1954 ஏப்பிரல் 20 ஆம் திகதி எடின்பரோக் கோமகன் பேராதனை வளாகத்தைத் திறந்துவைத்த வைபவத்தில் இலங்கை அரசியாக எலிசபெத் கலந்துகொண்டார். துணைவேந்தராக ஜெனிங்ஸ் நின்றார். வின்சரிற் படிக்கப்பட்ட பாடமும் கொழும்பில் வரையப்பட்ட யாப்பும் அன்று ஒரே மேடையிற் சந்தித்தன எனலாம்.

வழக்காறு இங்கும் சோதிக்கப்பட்டது. 1952 மார்ச்சில் டி. எஸ். சேனநாயக்கா மறைந்தபோது, மகாதேசாதிபதி சோல்பரிப் பிரபு சேர் ஜோன் கொத்தலாவலையை விடுத்து டட்லி சேனநாயக்காவை அழைத்தார். 1960 ஏப்பிரலில் டட்லியின் சிறுபான்மை அரசாங்கம் சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பிற் தோற்றபோது, மாற்று அரசாங்கம் அமைக்க எதிர்க்கட்சிக்கு வாய்ப்பளிக்காது சேர் ஒலிவர் குணதிலக பாராளுமன்றத்தைக் கலைத்தார். இவ்விரு முடிவுகளுக்கும் பிரித்தானிய முன்னுதாரணங்கள் காட்டப்படக்கூடும். எதிரான வாதங்களும் உண்டு.

ஆயின் இப்பாடத்தின் ஆழமான குறை வேறிடத்தில் வெளிப்பட்டது. யாப்பின் 29 ஆம் பிரிவு, ஓர் இனத்தவர்க்கோ மதத்தவர்க்கோ பிறர்க்கில்லாத சுமையினை விதிக்கும் சட்டத்தைத் தடைசெய்தது. எனினும் 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை வாக்குரிமை இழக்கச் செய்தன. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1952 இல் ஒருவருமில்லை. கோடகன்பிள்ளை வழக்கில் 1953 இல் கோமறைக்கழகம் இச்சட்டங்கள் 29 ஆம் பிரிவை மீறவில்லையெனத் தீர்த்தது. அவற்றுக்கு முடியின் பெயரால் சம்மதம் வழங்கப்பட்டிருந்தது. வழக்காற்றின்படி அது மறுக்கப்பட முடியாததாகும்.

இங்கேதான் மூலப்பாடத்தின் எல்லை புலனாகின்றது. பஜொற்றும் அன்சனும் மார்ட்டனும் கற்பித்தது அடக்கத்தை. மக்கள் தெரிந்த பாராளுமன்றத்தின் முன் முடி அடங்கவேண்டும் என்பது மன்னராட்சியின் எதேச்சாதிகாரத்துக்கு மருந்தாகக் கண்டறியப்பட்டது. பெரும்பான்மையின் எதேச்சாதிகாரத்துக்கு அம்மருந்து ஆகாது. இங்கிலாந்தில் இன்றைய சிறுபான்மைக் கட்சி நாளை ஆளுங்கட்சியாகலாம் என்ற நம்பிக்கை பெரும்பான்மைக்கும் ஓர் அடக்கத்தைப் புகட்டியது. பிறப்பினாற் சிறுபான்மையாக இருப்போர்க்கு அத்தகைய நாளை இல்லை. அடங்கவேண்டியவர் யாரென்ற வினாவுக்கு இரு நாட்டிலும் ஒரே விடை பொருந்தாதிருக்க, பாடம் மட்டும் மாற்றமின்றி இறக்குமதியாயிற்று. 1972 மே 22 ஆம் திகதி இலங்கை குடியரசானபோது முடியும் போயிற்று. 29 ஆம் பிரிவும் போயிற்று.

யாப்பு கற்பிக்கப்பட வேண்டியதொன்று என்பதில் ஐயமில்லை. ஆயின் மார்ட்டனிடம் கற்றவர் ஒருவரே. அவர் கற்றது ஒருவரை அடக்கப் போதுமாயிருந்தது. மக்களாட்சியில் அதிகாரம் பலரிடம் பரந்திருக்கின்றது. எனவே தன் அதிகாரத்தின் எல்லையைக் கற்கவேண்டியவன் ஒவ்வொரு வாக்காளனுமாவான். அரண்மனை மாணவிக்கு ஓர் ஆசிரியர் போதுமாயிருந்தார். மக்கள் அரசனாகிய நாட்டிலோ அப்பணி பாடசாலைகளினதும் பல்கலைக்கழகங்களினதும் தோளில் விழுகின்றது. கற்றோர் அதனை ஏற்காவிடில் எவ்வளவு நுண்ணிதாக வரையப்பட்ட பிரிவும் தாளிலுள்ள எழுத்தாகவே எஞ்சும் என்பதற்கு 29 ஆம் பிரிவே சான்றாகும்.