மரக்கட்டைகள் திறந்துவிட்ட ஆறுகள்

1976-ம் ஆண்டு ஜூலை 3. அமெரிக்காவின் 200-வது சுதந்திர தினத்துக்கு முதல் நாள். கொலராடோ மாநிலத்தில் கொலராடோ ஆற்றில் மூன்று பேர் மிதவைப் படகுகளில் போய்க்கொண்டிருந்தார்கள். பொது இடத்தில்தான் ஆற்றில் இறங்கியிருந்தார்கள். போகிற வழியில் ஆறு ஒரு கால்நடைப் பண்ணைக்குள் புகுந்து ஓடியது. அங்கே ஒரு பாலத்துக்குக் கீழே, தண்ணீருக்கு மேல் ஓரடி உயரம்கூட இல்லாமல், ஆற்றின் குறுக்கே ஒற்றை முள்கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. படகில் வருபவர்களைத் தடுக்கத்தான் அந்தக் கம்பி.

மூன்று பேரும் கைது செய்யப்பட்டார்கள். குற்றம்? அடுத்தவர் இடத்தில் அத்துமீறி நுழைந்தது!

அவர்கள் கரையேறவில்லை. வேலி தாண்டவில்லை. போகிற வழியில் ஆற்றின் தரையைத் தொட்டார்கள், அவ்வளவுதான். ஆற்றில் படகு விடுவது எப்படி அத்துமீறல் ஆகும்?

தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தக் கேள்வி விநோதமாகத்தான் இருக்கும். இங்கே வருவாய்த்துறைக் கணக்கில் ஆறும் ஏரியும் நீர்நிலைப் புறம்போக்கு. ஆற்றை ஆக்கிரமித்தார்கள் என்று செய்தி வரும். ஆறே ஒருவரின் பட்டா நிலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் சின்ன ஆறுகளின் அடித்தரை, அதாவது ஆற்றுப்படுகை, கரையோர நிலக்காரருக்குச் சொந்தமாக இருக்க முடியும். மேலே ஓடும் தண்ணீர் மட்டும் பொது. தரை ஒருவருடையது, தண்ணீர் எல்லோருடையது என்றால் நடுவில் மிதக்கும் படகு யார் இடத்தில் இருக்கிறது? நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக நீதிமன்றங்கள் மல்லுக்கட்டுவது இந்த ஒரு கேள்வியோடுதான்.

ரோமாபுரியிலிருந்து இங்கிலாந்துக்கு

கேள்வி பழசு. கி.பி. 533-ல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டநூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் இயற்கையாகவே எல்லோருக்கும் பொது என்றது. ஆறுகளும் துறைமுகங்களும் பொதுச்சொத்து என்றது.

1215-ல் இங்கிலாந்தின் ஜான் மன்னர் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டாவிலும் ஆறு வருகிறது. தேம்ஸ், மெட்வே ஆறுகளிலும் நாடு முழுவதும் உள்ள மற்ற ஆறுகளிலும் குறுக்கே போடப்பட்ட மீன்பிடித் தடுப்புகளை எல்லாம் அகற்ற வேண்டும் என்கிறது அதன் 33-வது பிரிவு. சரக்குப் படகுகளுக்கு அந்தத் தடுப்புகள் பெரிய தொல்லை.

பிற்காலத்தில் ஆங்கிலேயச் சட்டம் ஆறுகளை இரண்டாகப் பிரித்தது. கடல் ஏற்றவற்றம் எட்டும் பகுதி அரசருடையது, அங்கே யாரும் படகு விடலாம். ஏற்றவற்றம் எட்டாத மேல்பகுதியில் ஆற்றுப்படுகை இரு கரை நிலக்காரர்களுக்கும் ஆளுக்குப் பாதி. அங்கே படகு விட வேண்டுமானால் நெடுங்கால வழக்கமோ தனிச்சட்டமோ துணைக்கு வேண்டும். கடல் எங்கிருந்தும் வெகு தொலைவில் இல்லாத ஒரு தீவுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரிப்பட்டது. அமெரிக்காவுக்குச் சரிப்படுமா?

ஈரடி தண்ணீரில் ஓடிய கப்பல்

சரிப்படவில்லை. மிசிசிப்பி ஆற்றில் கடலிலிருந்து ஆயிரம் மைல் உள்ளே போனாலும் கப்பல் ஓடுகிறது. ஏற்றவற்றம் மட்டும் அங்கே எட்டாது. 1787-ல் இயற்றப்பட்ட வடமேற்கு நிலப்பகுதிச் சட்டமே மிசிசிப்பிக்கும் செயின்ட் லாரன்ஸுக்கும் போய்ச் சேரும் படகுப் போக்குவரத்து ஆறுகள் எல்லாம் என்றைக்கும் பொதுவழி என்று சொல்லிவிட்டது. சாலைகள் இல்லாத காலம் அது. ஆறுதான் நெடுஞ்சாலை.

1871-ல் 'டேனியல் பால்' என்ற நீராவிக் கப்பலின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மிச்சிகனில் கிராண்ட் ஆற்றில் கிராண்ட் ராப்பிட்ஸுக்கும் கிராண்ட் ஹேவனுக்கும் இடையே ஓடிய கப்பல் அது. அது மிதக்க இரண்டடி தண்ணீர் போதும். மத்திய அரசின் உரிமம் இல்லாமல் ஓடியதால் அபராதம். நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டு ஏற்றவற்றக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு எளிமையான ஒரு அளவுகோலைச் சொன்னார். நடைமுறையில் வணிகத்துக்குப் பயன்படும் அல்லது பயன்படக்கூடிய ஆறு எதுவோ, அதுவே சட்டப்படியும் படகு போகும் ஆறு.

இதோடு இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது. ஒரு பகுதி மாநிலமாகி அமெரிக்க ஒன்றியத்தில் சேரும் நாளில் அங்கே படகு போகத்தக்கதாக இருந்த ஆறுகளின் படுகை அந்த மாநிலத்துக்கே சொந்தம். ஆக, நூறு வருடங்களுக்கு முன்பு அந்த ஆற்றில் என்ன மிதந்தது என்பது இன்றைய வழக்குக்குச் சாட்சியாகிவிட்டது.

கட்டைகளின் காலம்

மிதந்தது பெரும்பாலும் கப்பல் அல்ல, மரக்கட்டை! காட்டில் வெட்டிய மரங்களைக் குளிர்காலத்தில் ஆற்றங்கரையில் குவித்து வைப்பார்கள். பனி உருகி வெள்ளம் வரும்போது ஆற்றில் தள்ளிவிட்டால் ஆயிரக்கணக்கான கட்டைகள் தாமாகவே அறுவை ஆலைக்குப் போய்விடும். கரையோர நிலக்காரர் ஒருவர் தடுத்தாலும் தொழில் படுத்துவிடும். எனவே மெய்ன் மாநில நீதிமன்றம் 1849-லும் மிச்சிகன் நீதிமன்றம் 1853-லும் ஒரு முடிவுக்கு வந்தன. கட்டை மிதக்கும் ஆறும் பொதுவழிதான்.

இந்தத் தீர்ப்புகளால் பலன் பெற்றவர்கள் மரவியாபாரிகள். உல்லாசப் படகுக்காரர்களை அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் காடுகள் தீர்ந்து, ரயிலும் லாரியும் வந்து, ஆறுகள் காலியான பிறகும் அந்த உரிமை மட்டும் அங்கேயே நின்றது. மிச்சிகனின் பைன் ஆற்றில் ஒருவர் தண்ணீரில் நடந்தபடியே டிரவுட் மீன் பிடித்தார். இரு கரைக்கும் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். 1926-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம்: இந்த ஆற்றில் ஒரு காலத்தில் கட்டைகள் மிதந்தன, ஆகவே இது பொது ஆறு, ஆகவே மீன் பிடித்தது தவறில்லை.

மின்னசோட்டா ஒருபடி முன்னே போயிருந்தது. 1893-லேயே அம்மாநில உச்ச நீதிமன்றம், வணிகம் மட்டும் ஏன் கணக்கு, உல்லாசப் படகும் மீன்பிடிப்பும் பொதுப் பயன்பாடு இல்லையா என்று கேட்டது. பழைய குறுகிய அளவுகோலை வைத்து ஏரிகளைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டால் மக்களுக்கு என்றென்றைக்கும் அநீதி செய்ததாகும் என்று எச்சரித்தது.

ஒரே மாதிரி வாசகம், எதிரெதிர்த் தீர்ப்பு

இப்போது அந்த முள்கம்பிக்குத் திரும்பலாம். கொலராடோவின் 1876-ம் ஆண்டு அரசியல் சட்டம் இயற்கை ஓடைகளின் நீர் மக்களுக்கு உரியது என்கிறது. படகுக்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1979-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த வாசகம் பாசனத்துக்கும் மற்றப் பயன்களுக்கும் தண்ணீர் எடுப்பதைப் பற்றியது, படகு விடுவதைப் பற்றியது அல்ல. தரை யாருடையதோ மேற்பரப்பும் அவருடையதே என்றது. தண்டனை நிலைத்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இடத்தில் ஆறு வணிகத்துக்குப் பயன்பட்டதே இல்லை என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தன. கட்டை மிதந்த கதையைச் சொல்லும் வாய்ப்பே வழக்கில் இல்லை.

ஐந்தே வருடங்கள் கழித்து, 1984-ல், மான்டானாவில் டியர்போர்ன் ஆற்று வழக்கு. ஆற்றோரத்தில் பல மைல் நீளத்துக்கு நிலம் வைத்திருந்தவர் படகுக்காரர்களைத் தடுத்தார். விசாரணையில் ஒரு பழைய தகவல் வந்தது. 1887-ல் சுமார் ஒரு லட்சம் ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் அந்த ஆற்றில் மிதந்து போயிருந்தன. மான்டானா மாநிலமானது 1889-ல். ஆக, படுகை மாநிலத்துடையது!

நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. தண்ணீர் மாநிலத்தின் சொத்து, மக்களின் பயனுக்கானது என்று மான்டானாவின் 1972-ம் ஆண்டு அரசியல் சட்டம் சொல்கிறது. எனவே படுகை யாருடையது என்பதே தேவையில்லாத கேள்வி, பொழுதுபோக்குக்குப் பயன்படக்கூடிய நீரை மக்கள் பயன்படுத்தலாம் என்றது. வழக்கமாக வெள்ளம் ஏறும் கோடு வரை நிற்கலாம், நடக்கலாம். குறுக்கே தடை இருந்தால் படகைத் தூக்கிக்கொண்டு கரையேறிச் சுற்றிப் போகலாம். 1985-ல் இது சட்டமாகவே வந்துவிட்டது.

இரண்டும் மலை மாநிலங்கள். அரசியல் சட்ட வாசகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றில் படகுக்காரர் குற்றவாளி, இன்னொன்றில் உரிமைக்காரர்.

நிலக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

நிலக்காரர்களை வில்லன்களாக மட்டும் பார்த்தால் கதை பாதிதான். பல தலைமுறையாக மாடு வளர்ப்பவருக்கு ஆற்றுக்குக் குறுக்கே வேலி இல்லாவிட்டால் மாடுகள் ஆற்றோடு அடுத்த பண்ணைக்குப் போய்விடும். கோடைகாலம் முழுக்க வீட்டு வாசலில் அந்நியர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். சிலர் குப்பை போடுவார்கள், சிலர் கரையில் அடுப்பு மூட்டுவார்கள். யாராவது மூழ்கிச் செத்தால் வழக்கு யார் மேல் வரும்? விலை கொடுத்து வாங்கிய பத்திரத்தில் இதெல்லாம் எழுதப்படவில்லையே என்று அவர்கள் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

மான்டானா சட்டம் இதற்குக் கொஞ்சம் பதில் வைத்திருக்கிறது. படகுக்காரருக்கு விபத்து நேர்ந்தால் நிலக்காரரின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது. ஆற்றுக்குப் போக அடுத்தவர் நிலத்தைக் கடக்கும் உரிமை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. சட்டத்தின் சில பகுதிகள் அளவு மீறுகின்றன என்று 1987-ல் மாநில உச்ச நீதிமன்றமே நீக்கியது.

ஆனால் அங்கிருந்து இன்னொரு சண்டை கிளம்பியது. ஆறு பொதுதான், ஆற்றுக்குப் போக வழி? பொதுச்சாலை ஆற்றைக் கடக்கும் பாலங்கள்தான் வழி. பாலத்தின் இரு பக்கமும் வேலி அடைத்துவிட்டால் ஆறு கண்ணுக்குத் தெரியும், காலுக்கு எட்டாது. 2009-ல் பாலங்கள் வழியாக இறங்க மான்டானா தனிச்சட்டம் போட்டது. ரூபி ஆற்றுப் பாலங்கள் பற்றிய வழக்கில் 2014-ல் மாநில உச்ச நீதிமன்றம் பொதுமக்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

இன்னும் முடியாத கதை

மற்ற மாநிலங்களிலும் இதே இழுபறிதான். நியூயார்க்கில் மூஸ் ஆற்றின் தென்கிளையில் 1991-ல் இரண்டு கனோவும் ஒரு கயாக்கும் தனியார் கிளப் ஒன்றின் நிலம் வழியே போயின. கிளப் வழக்குப் போட்டது. மரக்கட்டைகளோடு பொழுதுபோக்குப் படகையும் கணக்கில் எடுக்கலாம் என்று 1998-ல் அம்மாநில உயர்நிலை நீதிமன்றம் சொன்னது. யூட்டாவில் 2008-ல் நீதிமன்றம் ஆற்றுத்தரையைத் தொடலாம் என்றது. 2010-ல் சட்டமன்றம் அந்த உரிமையைச் சுருக்கியது. 2017-ல் வெபர் ஆற்றின் சுமார் ஒரு மைல் நீளம் மறுபடி மக்களுக்குத் திறந்தது. அங்கேயும் காப்பாற்றியவை 19-ம் நூற்றாண்டில் மிதந்த கட்டைகள்தான். நியூ மெக்சிகோவில் 2022-ல் மக்கள் பக்கம் தீர்ப்பு.

கொலராடோவில்? தரையைத் தொடாமல் மிதந்து போனால் குற்றமில்லை என்று 1983-ல் மாநில அரசு வழக்கறிஞர் கருத்து சொன்னார். கருத்துதான், சட்டம் அல்ல. ஆர்கன்சா ஆற்றில் மீன் பிடித்த ஒருவர், 1876-ல் கொலராடோ மாநிலமானபோதே இது படகு போன ஆறு, எனவே படுகை மாநிலத்துடையது என்று நிரூபிக்க வழக்குப் போட்டார். 2023-ல் மாநில உச்ச நீதிமன்றம், இதைக் கேட்க உங்களுக்குத் தகுதியில்லை என்று அனுப்பிவிட்டது. ஆறு யாருடையது என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

இந்த வரலாற்றில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவில் பல ஆறுகள் இன்று பொதுவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அழகோ இயற்கை மீதான அன்போ அல்ல. என்றோ ஒருநாள் யாரோ ஒரு கட்டையை அதில் தள்ளிவிட்டதுதான். கட்டை போன ஆற்றில் பேரன் படகு விடுகிறான். கட்டை போகாத ஆற்றில், அல்லது போனதை யாரும் எழுதி வைக்காத ஆற்றில், முள்கம்பி நிற்கிறது. தண்ணீர் இரண்டு ஆறுகளிலும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது.