1957 அக்டோபர் 3: சர்க்கார் இறங்கி வந்த நாள்

1952-ல் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி.கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதம் கற்றவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் அபிப்பிராயம். அகில இந்திய வானொலியில் அது அநேகமாக நின்றே போயிற்று.

ஜனங்கள் ரேடியோ முள்ளை சிலோன் பக்கம் திருப்பிவிட்டார்கள். கொழும்பின் சிற்றலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, டெல்லி வரை இறங்கியது. அதை எந்த மந்திரி தடுக்க முடியும்? அந்த டிசம்பர் 3-ல் அமீன் சயானியின் 'பினாகா கீத் மாலா' ஆரம்பம். பற்பசை விளம்பரக் காசும் கொழும்புக்கே.

ஐந்து வருஷம் பொறுத்து, 1957 அக்டோபர் 3, வியாழக்கிழமை, 'விவித் பாரதி' பிறந்தது. (மறுநாள் ஸ்புட்னிக் பறந்ததால் உலகமே சிற்றலையில் வேறொரு சத்தத்தைத் தேடியது!) முதல் பாட்டு 'நாச் ரே மயூரா'. படப் பாட்டல்ல, வானொலிக்கென்றே பண்டித நரேந்திர சர்மா எழுதியது. ஆனால் இசை அனில் பிஸ்வாஸ், பாடியவர் மன்னா டே, இருவருமே சினிமாக்காரர்கள். உத்தரவை வாபஸ் வாங்காமலே வாபஸ் வாங்குவது எப்படி என்று கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்குத் தெரியும். இது அதில் முதல் தரம்.

கேஸ்கரை நான் ஏசமாட்டேன். சனிக்கிழமை தேசிய சங்கீத நிகழ்ச்சியில் மகாவித்வான்களை நாடு முழுதும் கேட்டது அவர் காலத்தில்தான். சினிமாப் பாட்டு திரும்பியபோதும் அவரே மந்திரி. 1962 வரை இருந்தார்.

விளம்பரத்துக்கு மட்டும் சர்க்கார் மேலும் பத்து வருஷம் யோசித்தது. விவித் பாரதியில் அது ஆரம்பித்தது 1967 நவம்பரில்.