டி90-ஆ, பி900-ஆ? மா. கிருஷ்ணன் என்ன வெச்சிருந்தார்?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, ஆவடி பருத்திப்பட்டு ஏரியில பறவை எடுக்கணும். பழைய நிக்கான் டி90 வாங்கவா, இல்ல பி900-ஆ?"

இந்தக் குழப்பம் நம்ம ஊருக்குப் புதுசு இல்லைங்க. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), சென்னைக்காரர். காட்டு யானைகளை அவர் படம் எடுத்த கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே பூட்டினது. பேரு 'சூப்பர் பாண்டெரோசா'. கலர் ஃபிலிம் வந்த பிறகும் கருப்பு-வெள்ளையை விடல. பத்மஸ்ரீயும் கிடைத்தது.

சரி, தம்பி விஷயம். டி90 2008-ல் வந்தது, வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர். பி900 2015. அதுல 83 மடங்கு ஜூம், 2000 மி.மீ.க்குச் சமம்னு போட்டிருப்பாங்க. லென்ஸோட நிஜக் குவியத்தூரம் 357 மி.மீ. தான்! சென்சார் டி90-ல இருக்கிறதுல பதிமூணுல ஒரு பங்கு, அதான் சூட்சுமம். முழுசா ஜூம் பண்ணா எஃப்/6.5. காலை ஆறு மணி வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ ஏறும், இறகெல்லாம் மெழுகு மாதிரி ஆயிடும். ரா ஃபைலும் கிடையாது.

ஆனா டி90-ல 300 மி.மீ. லென்ஸ் போட்டாலும் 450-க்குத்தான் சமம். ஏரி நடுவுல நிக்கிற கூழைக்கடா கடுகாத்தான் தெரியும். அதுதான் வேணும்னா பி900.

கரையோரம் பொறுமையா உட்காருவேன்னார் தம்பி. அப்போ டி90-ன்னேன். ஷட்டர் கவுண்ட் மட்டும் பார்த்து வாங்கச் சொன்னேன். நிக்கான் அதைச் சோதிச்சது ஒரு லட்சம் தடவைக்கு.