சேப்பாக்கத்தில் பிடிபட்ட விஷம்

மயிலாப்பூர்வாசிகளுக்குச் சேப்பாக்கம் என்றதும் கிரிக்கெட் ஆட்டம் நினைவுக்கு வரும். எனக்கோ ஒரு துப்பறியும் கதை நினைவுக்கு வருகிறது. சாந்தோம் தாண்டிக் கடற்கரைச் சாலையோடு வடக்கே போனால் வருகிற பல்கலைக்கழகத்தில்தான் 1950-களில் அது நடந்தது. மாண்டது பருத்திச் செடி. குற்றவாளி, நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் பூக்கிறதே, அந்தப் பூசணத்துக்குத் தூரத்து உறவு.

வாடல் நோயை ஒருமுறை பார்த்த விவசாயி மறக்கமாட்டான். மண்ணில் ஈரம் இருக்கும். இருந்தும் செடியின் இலைகள் மஞ்சளித்துத் தொங்கிவிடும். தண்டைப் பிளந்தால் பழுப்புக் கோடு ஓடும். மண்ணில் பல வருஷம் காத்துக் கிடந்த பூசணம், வேர்வழியே புகுந்து தண்ணீர் ஏறும் குழாய்களில் குடியேறிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மருந்தடித்தும் பிரயோசனமில்லை. 1892-ல் அமெரிக்காவில் அட்கின்சன் என்பவர் இதை ஃப்யூசாரியம் இனம் என்று இனங்கண்டார். பம்பாய் மாகாணத்துக் கரிசல் நிலங்களில் நாட்டுப் பருத்தியை அது வெகுவாகப் பாழாக்கியது.

செடி ஏன் சாகிறது? குழாய் அடைத்துத் தாகத்தால் சாகிறது என்றது ஒரு கட்சி. பூசணம் விஷம் வைக்கிறது என்றது மறு கட்சி. 1934-லேயே ஜப்பானில் யபுதாவும் அவருடைய கூட்டாளிகளும், நெற்பயிரைத் தாக்கும் ஒரு பூசணத்திலிருந்து ஃப்யூசாரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அது தக்காளிச் செடியை வாட்டுவதை ஸூரிச்சில் காய்மன் ஆராய்ந்தார். ஆனால், எதிரியின் அலமாரியில் விஷப் புட்டி அகப்பட்டால் போதுமா? மாண்டவன் வயிற்றில் அல்லவா விஷம் அகப்படவேண்டும்!

சென்னைத் தாவரவியல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அப்போது தலைவர் டி. எஸ். சதாசிவன். 1913-ல் பிறந்தவர், இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் பண்ணையில், மண்ணுக்குள் கோதுமை வைக்கோலை மக்கச் செய்யும் பூசணங்களை ஆராய்ந்து திரும்பியவர். நோய் என்பதை மண், செடி, பூசணம் மூன்றுக்கும் இடையே நடக்கும் குடும்பச் சண்டையாகப் பார்த்தவர். அவருடைய கூடத்தில் லட்சுமிநாராயணனும் டி. சுப்பிரமணியனும் நோய்கண்ட பருத்திச் செடிக்குள்ளேயே அந்த அமிலத்தைக் கண்டுபிடித்தார்கள். 1955-ல் 'நேச்சர்' இதழில் வெளியான அவர்களுடைய சின்னஞ்சிறு குறிப்புக்குத் தலைப்பே ஒரு கேள்வி. சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கேள்விக்குறி போடுகிற அந்த அடக்கம் எங்கள் நாவலாசிரியர் கூட்டத்துக்கு வராது.

இந்த அமிலம் செல்லின் மெல்லிய சவ்வைக் கெடுக்கிறது. இரும்பு முதலிய உலோகச் சத்துக்களைப் பற்றிக்கொண்டு விடாது. ஆகவே, குழாயில் தண்ணீர் இருந்தும் இலை அதை ஆளமுடியாமல் போகிறது.

அதே வயலில் பிழைத்து நிற்கிற செடியின் கதை என்ன? 1899-ஐ ஒட்டித் தென் கரோலினாவில் ரிவர்ஸ் என்ற விவசாயி, வாடிய பருத்திக்கு நடுவே நிமிர்ந்து நின்ற செடியின் விதையை எடுத்து விதைத்துப் புது ரகமே உண்டாக்கினார். காரணம் அவருக்குத் தெரியாது. இப்போது ஓரளவு தெரிகிறது. செல்லின் விளிம்பில் காவலிருக்கும் சில புரதங்கள், பூசணத்தின் தோலிலுள்ள கைட்டின் என்ற பொருளை அடையாளம் கண்டு உள்ளே சேதி அனுப்புகின்றன. உடனே அந்தத் தோலையே அரிக்கும் கைட்டினேஸ் போன்ற புரதங்களைச் செடி தயாரிக்கிறது. குழாயைச் சுற்றிக் காஸிப்பாலுக்கு உறவான கசப்புப் பொருள்கள் சேர்கின்றன. வேடிக்கை என்னவென்றால், சாகிற செடிக்கும் இந்த ஆயுதங்கள் உண்டு. தாங்குகிற செடி அவற்றைச் சீக்கிரம் எடுக்கிறது, அவ்வளவுதான். சமீபத்தில் சீனாவில் ஆராய்ந்த ஒரு காவற்புரதத்தில், தாங்கும் செடிக்கும் தாங்காத செடிக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம்!

2001-ல் கலிபோர்னியாவில் பீமா பருத்தி வாடத் தொடங்கியது. மண்ணில் அகப்பட்டது பூசணத்தின் நான்காம் இனம். அதுவரை நம் இந்தியப் பருத்தியின் பகையாக மட்டுமே பேர்பெற்றது. வாடிய வரிசைகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் செடிகளைத் தேடி அங்கே விதை பொறுக்கத் தொடங்கினார்கள், ரிவர்ஸைப் போலவே.