புழுவின் நரம்பும் உழவனின் மூச்சும்

கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் இடையே விரிந்து கிடக்கும் வட்டைகளில், வேளாண்மை கதிர் தள்ளும் நாட்களில், மணி பிடிக்காமல் வெளுத்து நிற்கும் கதிரைக் கண்டு வயிறெரியாத உழவன் இல்லை. தண்டினைக் குடைந்து வாழும் புழுவின் வேலை அது. தான் குடைந்த தண்டின் அடியிலேயே கூட்டுப்புழுவாகி, சில நாட்களில் அந்துப்பூச்சியாக வெளிவந்து இரவில் விளக்கைச் சுற்றுகின்றது. ஊர்ந்த உடல் பறக்கக் கற்றது எங்ஙனம்? இது வெறும் வேடிக்கைக் கேள்வியன்று. வயலில் மருந்தடிக்கும் கூலித் தொழிலாளியின் மூச்சோடு தொடர்புடைய கேள்வி.

கூட்டினுள் புழு மடிந்துபோகிறது, அதனிடத்தில் வேறோர் உயிர் தோன்றுகிறது என்று பதினேழாம் நூற்றாண்டிலும் கற்றறிந்தோர் பலர் நம்பியிருந்தனர். ஒல்லாந்தர் நமது கரையோரத்தில் கோட்டை கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்நாட்டின் யான் சுவாமர்டாம் 1669இல் தமது நூலை வெளியிட்டு இந்நம்பிக்கையை மறுத்தார். முதிர்ந்த புழுவின் தோலை உரித்து, உள்ளே சிறகுகள் மடிந்து கிடப்பதை அவர் காட்டினார். தவளையின் தசையை நரம்போடு தனியே பிரித்தெடுத்து, நரம்பைத் தீண்டினாலே தசை சுருங்கும் என்று கண்டவரும் அவரே. அவருடைய பேருழைப்பின் பெரும்பகுதி, அவர் 1680இல் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரே அச்சேறியது. அடுத்த நூற்றாண்டில் லியோனே என்ற வழக்கறிஞர் ஒரே இனப் புழுவின் உடலை அறுத்தாராய்ந்து, நாலாயிரத்துக்கு மேற்பட்ட தசைகளை எண்ணி வரைந்துவைத்தார். நமது உடலில் உள்ளவை அறுநூறு சொச்சமே!

இத்தனை தசைகளும் பூச்சிக்கு எதற்கு? பெரும்பாலானவை வேண்டியதில்லை, அவை கரைந்துபோகின்றன. ஆனால் அவற்றை இயக்கிய நரம்புகள்?

இங்கே போலந்து விஞ்ஞானி ஸ்தெபான் கோபெச்சை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும். புழுவின் மூளையிலிருந்து ஊறும் ஏதோ ஒரு பொருளே அதனைக் கூட்டுப்புழுவாக்குகிறது என்று 1917இல் எழுதியவர் அவர். 1923இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புழுவின் நரம்புக்கணு ஒன்றை வெட்டி நீக்கினார். பின்னர் தோன்றிய பூச்சியில் வெளித்தோல் குறைவின்றி அமைந்திருந்தது. உள்ளேதான் அவ்விடத்துக்குரிய தசைகள் இல்லை. நரம்பின் துணையின்றிப் புதுத் தசை உருவாகாது என்பது இதனால் வெளிப்பட்டது. இத்தகைய மனிதரை நாஜிகள் 1941இல் வார்சாவுக்கு அருகே சுட்டுக் கொன்றனர்.

1954இல் ஜெர்மனியில் பூத்தனாந்தும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து உருமாற்ற ஹோர்மோனை வெறும் 25 மில்லிகிராம் அளவே பிரித்தெடுத்தனர். பத்தாண்டுகள் கழித்து அமெரிக்காவில் லொக்ஷினும் வில்லியம்சும், கூட்டை விட்டு வெளிவந்த பட்டுப்பூச்சியின் வயிற்றுத் தசைகள் ஓரிரு நாட்களில் அழிவதை ஆராய்ந்தனர். நரம்பின் ஏவல் ஓயும்போதே அத்தசைகள் அழிகின்றன என்றும், நரம்பை விடாது தூண்டினால் அவ்வழிவு தடைப்படுகிறது என்றும் கண்டனர். ‘திட்டமிட்ட உயிரணு மரணம்’ என்ற கருத்து அங்கேதான் பெயர் பெற்றது. 1980களில் ட்ரூமன், லிவைன் முதலியோர் புகையிலைப் புழுவில் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டனர். பழைய தசை கரைந்தபோதும் அதனை இயக்கிய நரம்பணுக்களிற் பல சாவதில்லை. தம் கிளைகளை உள்ளிழுத்துக்கொண்டு, பின்னர் புதிதாகக் கிளைவிட்டுப் பூச்சியின் புதுத் தசையைப் பற்றிக்கொள்கின்றன. வயல் கைமாறினாலும் வட்டைவிதானை மாறாதது போல என்று நம்மூரார் சொல்லக்கூடும்.

இனி நஞ்சுக்கு வருவோம். பூச்சியின் நரம்பு தசையோடு பேசும் இரசாயனம் குளுட்டமேற்று. அசெற்றைல்கோலின் அதன் நரம்பு மையத்தினுள்ளே வேலை செய்கிறது. மனிதனிலோ தசையின் வாயிலிலேயே நிற்பது அசெற்றைல்கோலின். ஆகவே பரத்தியோன் போன்ற கரிம பொசுபேற்று மருந்துகள், பூச்சியின் நரம்பு மையத்தைக் குலைக்கும் அதே செயலால், மருந்தடிப்பவனின் மூச்சுத் தசையையும் முடக்குகின்றன. விசையாழியை முதுகில் சுமந்தவன் போடியாரா, கூலிக்காரனா என்று நாம் கேட்கவேண்டியதில்லை.

1970களின் பிற்பகுதியில் இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் பூச்சிமருந்து நஞ்சேறி மருத்துவமனை சேர்ந்தனர். ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மனமுடைந்து தாமே அருந்தியவர்கள். தெளிக்கும்போது நஞ்சேறியவர்களும் அவர்களிடையே இருந்தனர். 1987இல் நமது நாட்டு மருத்துவர்கள் சேனாநாயக்கவும் கரலியத்தவும், பிழைத்துவிட்டார் என்று எண்ணப்பட்ட நோயாளிக்கு ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்தும் தோளும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோவதை உலகுக்கு விவரித்தனர். நரம்பும் தசையும் கூடும் இடத்தில் நிகழும் கேடு அது.

பரத்தியோன் 1984இலும், மொனோகுரோட்டோபொசு 1995இலும் தடைசெய்யப்பட்டன. பூச்சியின் உருமாற்ற ஹோர்மோனைப் போலவே நடித்து, புழுவைக் காலமல்லாக் காலத்தில் தோலுரிக்கச் செய்து கொல்லும் தெபுபெனொசைட்டு போன்ற மருந்துகள் 1990களில் விற்பனைக்கு வந்தன. நம் உடலில் தோலுரிப்பு இல்லை. அந்த ஹோர்மோனுக்கு அங்கே வேலையும் இல்லை. ஆயினும் தண்டினுள் ஒளிந்திருக்கும் புழுவை எட்டுவது எந்த மருந்துக்கும் எளிதன்று.