தறி நின்ற நாள்களும் நெசவே

கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே அமைந்த சோமனூர் விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இவ்வட்டாரத்தில் மிகுதியாக நெய்யப்படும் காடாத் துணியில் பூவேலை கிடையாது. நீளவாட்டில் பாவு, குறுக்கே ஊடை; ஒன்று மேல், ஒன்று கீழ் என இழைகள் மாறிச் செல்லும். அதன் வலிமை வேகமே. அதே கோவை மாவட்டத்துச் சிறுமுகையிலோ, கைத்தறிச் சேலை ஒன்றுக்குப் பூவும் கரையும் அமையப் பல நாள்கள் செல்கின்றன. அக்காலம் எதில் செலவாகிறது? தறியின் வரலாறு விடை கூறுகிறது.

நாடாவின் வேகம்

1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே, கயிற்றை இழுத்தவுடன் தானே ஓடும் நாடாவை அமைத்தார். 1785-இல் எட்மண்டு கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். நம் பகுதியில் 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஆலைத்தொழில் விரைந்து வளர்ந்தது. பின்னர் விசைத்தறிகளும் பெருகின. இவையாவும் ஊடையின் ஓட்டத்தை விரைவாக்கின. பூ அமைய எந்தப் பாவு இழையைத் தூக்குவது என்று முடிவு செய்யும் வேலையோ அப்படியே இருந்தது.

துளையிட்ட அட்டை

முன்பு ஐரோப்பாவில் பூவேலைத் தறிக்கு உதவியாளர் ஒருவர் வேண்டும். அவரே இழைகளைக் கயிற்றால் தூக்கிக் கொடுப்பார். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு அவ்வேலையை அட்டைகளிடம் ஒப்படைத்தார். அட்டையில் துளை இருந்தால் ஊசி அதனுள் நுழையும். அதனோடு இணைந்த கொக்கி பாவு இழையை உயர்த்தும். துளை இல்லையேல் இழை கீழேயே நிற்கும். ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொக்கிகள் 240 என்றும், அங்குலத்துக்கு ஊடை 60 என்றும் கொள்வோம். 5 அங்குல உயரப் பூவுக்கு 300 அட்டைகள் வேண்டும். 240 × 300 = 72,000. அத்தனை இடங்களிலும் 'துளை உண்டா, இல்லையா?' எனத் தீர்மானிக்க வேண்டும். கட்டத்தாளில் பூவை வரைந்து, கட்டம் கட்டமாக நிரப்பி, அட்டை குத்தி, வரிசையாகக் கோத்த பின்னரே தறி ஓடும். ஒரு கட்டம் பிழைத்தால் பூ வரும் இடமெல்லாம் அப்பிழையும் வரும்.

1839-இல் பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படத்துக்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. கணிப்பொறிக்கு முன்னோடியான பகுப்புப் பொறியை வகுத்த சார்லஸ் பாபேஜும் இத்தகைய அட்டைகளையே பயன்படுத்தத் திட்டமிட்டார். அப்படத்தின் பிரதி ஒன்றும் அவரிடம் இருந்தது.

குறையாத காலம்

இன்று பூவைக் கணிப்பொறியில் வரையலாம். மின்னணு ஜக்கார்டுக்கு அட்டையே தேவையில்லை. கட்டம் நிரப்பும் நேரம் குறைந்துவிட்டது. ஆனால் இதழ் எவ்வளவு வளைய வேண்டும், பூக்களுக்கிடையே எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும், எந்த நிறத்தருகே எந்த நிறம் எடுப்பாகத் தோன்றும் என்பவற்றை வரைந்து, சிறிது நெய்து பார்த்து, மாற்றித்தான் அறிய வேண்டியுள்ளது.

இவ்வாறு உருவான பூவை விசைத்தறி விரைவில் நகலெடுத்துக் குறைந்த விலைக்குத் தர இயலும். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட 22 வகைத் துணிகள் பின்னர் 11 ஆகக் குறைக்கப்பட்டன. அச்சட்டம் துணியின் வகையைக் காக்கிறது. பூவை எண்ணிய நாள்களுக்கு உரிய மதிப்பை வாங்குபவர்தாம் தர வேண்டும். சேலையின் விலையைக் கேட்கும்போது, நெய்த நாள்களோடு தறி ஓடாமல் நின்ற நாள்களையும் கூட்டிப் பார்ப்பதே சரியான கணக்காகும்.